ஒரு கைக்கணினி, நான்கு பொறுப்புகள்

நான்கு மாணவர்களை வட்டமாக உட்காரவைத்து, நடுவில் ஒரு கைக்கணினியைக் கொடுத்துப் பாருங்கள். ஐந்து நிமிடம் கழித்து அது பெரும்பாலும் ஒருவர் மடியில் இருக்கும். பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். எதிரில் இருப்பவருக்குத் திரை தலைகீழாகத் தெரியும். நான்காமவர் சன்னல் பக்கம் திரும்பியிருப்பார். வாசலில் நின்று பார்ப்பவருக்கு அது நல்ல குழுச் செயல்பாடாகத்தான் தோன்றும். உண்மையில் கற்பது ஒருவர், மிஞ்சினால் இருவர்.

அந்த மூன்றாமவரையும் நான்காமவரையும் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. அவர்களும் சேர்ந்து கற்க வேண்டுமானால் ஆளுக்கொரு கைக்கணினி வேண்டும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். சுவாமிமலைக்கு அருகில் நான் பணியாற்றும் நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்பு மாணவர்களுடன் செய்துபார்த்த அளவில், எனக்குத் தோன்றுவது வேறு. நான்கு பேருக்கு ஒன்று இருப்பது குறை அல்ல. கூடிக் கற்பதற்கு அதுவே ஏற்ற எண்ணிக்கை. ஆனால் அந்த நால்வரில் ஒவ்வொருவருக்கும் மற்றவர் செய்ய முடியாத ஒரு பொறுப்பு இருக்க வேண்டும்.

அரசு தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்காக ரூ.101.48 கோடி மதிப்பில் 79,723 கைக்கணினிகள் வழங்கும் திட்டத்தில் நமக்குக் கிடைத்தவை இவை. வருகைப்பதிவு, மதிப்பீட்டுப் பதிவு, மணற்கேணி செயலியின் காணொலிகள் என்று அன்றாடம் பயன்படுத்துகிறோம். ஐந்தாறு ஆசிரியர்கள் உள்ள ஒரு நடுநிலைப் பள்ளியில், தலைமையாசிரியரின் அனுமதியுடன் இரண்டு பாடவேளைக்கு நான்கு கைக்கணினிகளைத் திரட்டுவது முடியாத காரியம் அல்ல. கீழே சொல்லப்போகும் முறைக்கு அந்த நான்கே போதும்.

குழுவாக உட்காருவதும் கூடிக் கற்பதும்

ஒருவரிடமிருந்து ஒருவர் கற்பது நம் மண்ணுக்குப் புதிதல்ல. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் சட்டாம்பிள்ளை இருந்தார். மணலில் எழுதிப் பழகிய பிள்ளைகளுக்கு மூத்த மாணவர் சொல்லிக்கொடுத்தார். சென்னை எழும்பூரில் இராணுவத்தினரின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்காக நடந்த பள்ளியை 1789 முதல் கவனித்துவந்த ஆண்ட்ரூ பெல், மணலில் எழுதுவதையும் மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிப்பதையும் அங்கே கையாண்டார். 1797இல் லண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். இங்கிலாந்தில் அது ‘மெட்ராஸ் முறை’ என்றே பெயர் பெற்றது.

ஆனால் சட்டாம்பிள்ளை முறையில் சொல்பவர் எப்போதும் ஒருவர், கேட்பவர்கள் மற்றவர்கள். ஒரு கைக்கணினியைக் குழுவில் சும்மா வைத்துவிட்டால் நடப்பதும் அதுதான். அது யார் மடியில் இருக்கிறதோ அவர் சட்டாம்பிள்ளை.

கூட்டுறவுக் கற்றல் என்பது இதிலிருந்து வேறுபட்டது. இத்துறையில் பல ஆண்டுகள் ஆய்வு செய்த அமெரிக்கச் சகோதரர்கள் டேவிட் ஜான்சனும் ரோஜர் ஜான்சனும் அதற்கு ஐந்து கூறுகளைச் சொல்கிறார்கள். ஒருவரின்றி மற்றவர் முடிக்க முடியாத நிலை, ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பதில் சொல்லும் பொறுப்பு, முகம் பார்த்துப் பேசி உதவிக்கொள்வது, சேர்ந்து வேலை செய்யும் பழக்கங்கள், முடிவில் ‘நம் குழு எப்படி வேலை செய்தது’ என்று தாமே எண்ணிப் பார்ப்பது. இவற்றில் முதல் இரண்டும் இல்லாவிட்டால் மற்ற மூன்றும் நிற்காது என்பது என் அனுபவம். ஒருவரே முடித்துவிடக்கூடிய வேலையை நால்வருக்குக் கொடுத்தால், ஒருவரே முடித்துவிடுவார்.

முதல் இரண்டையும் ஒரு சேரக் கொண்டுவரும் முறை ஒன்று உண்டு. 1971இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டின் நகரில் எலியட் அரான்சன் என்ற உளவியலாளர் வகுத்த ‘ஜிக்சா’ முறை அது. ஜிக்சா என்பது துண்டுகளைச் சேர்த்துப் படத்தை முழுமையாக்கும் விளையாட்டு. அங்கே அதுவரை தனித்தனிப் பள்ளிகளில் படித்துவந்த வெள்ளையர், கறுப்பர், மெக்சிகோ வழிவந்தோர் வீட்டுப் பிள்ளைகள் முதன்முறையாக ஒரே வகுப்பறைக்கு வந்திருந்தார்கள். ஒரே அறையில் உட்கார்ந்தும் ஒட்டவில்லை, மோதல்தான் மிஞ்சியது. அரான்சன் செய்தது எளிய ஏற்பாடு. பாடத்தைத் துண்டுகளாக்கி, குழுவில் ஒவ்வொருவரிடமும் ஒரு துண்டை மட்டும் கொடுத்தார். முழுப் பாடமும் வேண்டுமானால் பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். யாரை மதிக்காமல் ஒதுக்கிவைத்தார்களோ அவர் வாயிலிருந்துதான் பாடத்தின் ஒரு பங்கு வந்தாக வேண்டும்.

நம் வகுப்பறைகளிலும் ‘இவன் சொல்லி நான் கேட்பதா’ என்ற எண்ணம் இல்லாமல் இல்லை. அதனால்தான் இம்முறை நமக்கும் பொருந்துகிறது.

பாடத்தைத் தேர்ந்த விதம்

ஏழாம் வகுப்பு அறிவியலில் அளவீட்டியல் பாடத்தில் அடர்த்தி வருகிறது. நிறையைக் கன அளவால் வகுத்தால் அடர்த்தி என்று மாணவர்கள் ஒப்பித்துவிடுவார்கள். அது எதற்கு என்று கேட்டால் விழிப்பார்கள். எங்கள் ஊரில் அந்தக் கேள்விக்கு விடை தெருவிலேயே இருக்கிறது. சுவாமிமலை ஐம்பொன் சிலைகளுக்குப் பெயர் பெற்ற ஊர். புவிசார் குறியீடும் பெற்றது. 2023இல் புதுடெல்லியில் ஜி20 மாநாடு நடந்த பாரத மண்டபத்தின் முன் நிறுவப்பட்ட 27 அடி நடராசர் சிலையும் இங்கு வார்க்கப்பட்டதுதான்.

பட்டறையில் முதலில் மெழுகில் உருவம் செய்கிறார்கள். அதை எடை போட்டுத்தான் எவ்வளவு உலோகம் எடுப்பது என்று முடிவு செய்கிறார்கள். மெழுகு இருந்த இடத்தை உலோகம் நிரப்பப்போகிறது. கன அளவு மாறாது, நிறை மாறும். அடர்த்திப் பாடம் முழுவதும் இந்த ஒரு செயலில் அடங்கிவிடுகிறது.

என் மாணவர்களில் சிலரது வீடுகளில் இதுவே தொழில். பலர் வயல் வேலை செய்யும் வீட்டுப் பிள்ளைகள்; பட்டறையை வாசலிலிருந்து பார்த்திருப்பார்களே தவிர உள்ளே போனதில்லை. செம்பு உருகும் வெப்பநிலை 1,085 டிகிரி செல்சியஸ். அந்த உலைக்குப் பக்கத்தில் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளை நிறுத்த முடியாது. கைக்கணினி தேவைப்படும் இடம் இதுதான். நேரில் காட்ட முடியாததைப் பக்கத்தில் கொண்டுவரவும், வேகமாக நடப்பதை நிறுத்திப் பார்க்கவும், ஒருமுறை நடப்பதைத் திரும்பத் திரும்பப் பார்க்கவும் அது உதவுகிறது. நேரில் காட்ட முடிந்ததற்குக் கைக்கணினி வேண்டாம்.

தயாரிப்பு

ஒரு பட்டறையில் அனுமதி பெற்று, இரண்டு வெவ்வேறு நாட்களில் கைக்கணினியிலேயே படம்பிடித்தேன். பாடத்தை நான்கு துண்டுகளாக்கினேன்.

முதல் துண்டு, அளவும் மெழுகும். தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் கலந்து உருவம் செய்வது. தென்னை ஓலை நறுக்கை மடித்து அளவு பிரிப்பது. உருவத்தின் உயரத்தை 124 சம பங்காக்கி, ஒரு பங்கை ஓர் அங்குலம் என்று கொள்வதற்கு உத்தம தசதாலம் என்று பெயர். உருவம் 62 செ.மீ. என்றால் அதன் ஓர் அங்குலம் அரை செ.மீ. இந்த அங்குலம் அடிக்கோலில் இருக்கும் அங்குலம் அல்ல, உருவத்துக்கு உருவம் மாறும் என்பதைக் கண்டுபிடிப்பதே மாணவர்களுக்கு ஒரு விகிதக் கணக்கு.

இரண்டாம் துண்டு, மண் அச்சு. மெழுகு உருவத்தின் மேல் முதலில் காவிரியின் நைசான வண்டல் மண்ணைப் பூசுவது, அதன்மேல் வயல் களிமண்ணும் மணலும் கலந்த பூச்சு, நிழலில் உலர்த்துவது, உலோகம் உள்ளே போகவும் மெழுகும் காற்றும் வெளியேறவும் வழி விடுவது.

மூன்றாம் துண்டு, உருக்கி வார்த்தல். வறட்டி நெருப்பில் அச்சைச் சூடாக்கி மெழுகை வடித்துவிட்டு, அச்சை மண்ணில் புதைத்து நிறுத்தி, உருகிய உலோகத்தை ஊற்றுவது. ஐம்பொன்னில் பெரும்பங்கு செம்பு. அடுத்து பித்தளையும் ஈயமும். வெள்ளியும் பொன்னும் மிகச் சிறிதளவு.

நான்காம் துண்டு, சீர்செய்தல். அச்சை உடைப்பது, வழிகளில் உறைந்து நிற்கும் உலோகத்தை வெட்டுவது, அரமும் உளியும் கொண்டு நுணுக்க வேலை செய்வது, மெருகேற்றுவது. அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும் என்பதால் ஓர் அச்சில் ஒரு சிலைதான்.

ஒவ்வொரு துண்டுக்கும் ஆறு ஒளிப்படங்கள், மூன்று நிமிடக் காணொலி ஒன்று. காணொலிகளின் ஒலியை நீக்கிவிட்டேன். ஒரே அறையில் நான்கு கைக்கணினிகள் பேசினால் எதுவும் கேட்காது என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம், விளக்கக் குரல் இருந்தால் மாணவர்கள் பேசமாட்டார்கள் என்பது. குரல் இல்லாத காணொலியில் என்ன நடக்கிறது என்பதை அவர்களே பேசித் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. “அது தண்ணியா?” “இல்ல, மெழுகு உருகி வருது பாரு.” “அப்ப உள்ள ஒண்ணும் இல்லையா?” இந்தப் பேச்சுதான் நமக்கு வேண்டிய கற்றல்.

முதல் பாடவேளை: வல்லுநர் குழு

எங்கள் ஏழாம் வகுப்பில் 16 பேர். நான்கு பேர் கொண்ட நான்கு தாய்க்குழுக்களாகப் பிரித்தேன். ஒவ்வொரு தாய்க்குழுவிலிருந்தும் ஒருவர் முதல் துண்டுக்கு, ஒருவர் இரண்டாம் துண்டுக்கு என்று பிரிந்து, ஒரே துண்டுக்கு உரியவர்கள் ஒன்று சேர்ந்தால் நான்கு வல்லுநர் குழுக்கள். கைக்கணினி வல்லுநர் குழுவுக்கு ஒன்று.

குழுவில் நான்கு பொறுப்புகள். கையாள்பவர் கைக்கணினியைத் தொடுவார். சொல்பவர் எந்தப் படம் வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும், எதைப் பெரிதாக்க வேண்டும் என்று சொல்வார். எழுதுபவர் குறிப்பு எடுப்பார். கேட்பவர் ‘ஏன்’, ‘எப்படித் தெரியும்’ என்று கேட்டுக்கொண்டே இருப்பார். வினா அட்டையில் நான்கு வினாக்கள் உள்ளன. ஒவ்வொரு வினா முடிந்ததும் பொறுப்புகள் வலப்பக்கமாக ஒரு இடம் நகரும். ஆகவே நான்கு வினா முடிவதற்குள் நால்வரும் நான்கு வேலைகளையும் செய்துவிடுவார்கள்.

இதில் மீறக்கூடாத விதி ஒன்று: தொடுபவர் சொல்லக்கூடாது, சொல்பவர் தொடக்கூடாது. கைக்கணினியைப் பழகியவர் தொடுபவராக இருக்கும்போது மற்றவர் சொல்வதற்காகக் காத்திருக்கப் பழகுகிறார். பழகாதவர் தொடுபவராகும்போது மற்றவர்கள் அவருக்குப் பொறுமையாகச் சொல்லவேண்டியிருக்கிறது. கையிலிருந்து பிடுங்க முடியாது. வீட்டில் கைபேசி தம்பிக்குத்தான் கிடைக்கும், தனக்குக் கிடைக்காது என்ற நிலையில் இருக்கும் மாணவிகளும் இந்தச் சுற்றில் தவறாமல் தொடுபவர் ஆகிறார்கள். யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் முறை வந்துவிடும் என்பதே இதன் பலம்.

மூன்றாம் குழுவுக்கு ஒரு சோதனையும் உண்டு. பித்தளைத் துண்டுகள் 170 கிராம், அளவு உருளையில் 50 மி.லி. நீர். துண்டுகளை உள்ளே போட்டதும் நீர் எங்கே நிற்கிறது? ஒருவர் 70 என்றார், இன்னொருவர் 71 என்றார். அளவு உருளைக்கு நேராகக் கைக்கணினியைப் பிடித்து ஒளிப்படம் எடுத்துப் பெரிதாக்கினார்கள். நீர்ப்பரப்பின் வளைவில் அடிப்பகுதி எந்தக் கோட்டில் இருக்கிறது என்பதை நால்வரும் ஒரே நேரத்தில் பார்த்து 70 என்று ஒப்புக்கொண்டார்கள். 170ஐ 20ஆல் வகுத்தால் 8.5. ஒரு கோடு தள்ளியிருந்தால் ஏறத்தாழ 8.1. அளவை எப்படிப் படிப்பது என்று நான் பத்து முறை சொல்வதைவிட இந்த ஒரு வாக்குவாதம் நன்றாகப் புரியவைத்தது. கேமரா இங்கே குழுவுக்குப் பொதுவான சாட்சி.

பாடவேளையின் கடைசிப் பத்து நிமிடம் ஒத்திகை. வல்லுநர் ஒவ்வொருவரும் தம் துண்டை நாற்பது நொடி பேசிக் கைக்கணினியில் குரல் பதிவு செய்வார். குழு கேட்டுவிட்டு, விட்டுப்போனதைச் சொல்லும். தன் குரலையே திரும்பக் கேட்கும் மாணவர் எங்கே தடுமாறினோம் என்று தாமே உணர்ந்துகொள்கிறார். மறுநாள் தாய்க்குழுவில் தனியாக நின்று விளக்கப்போகும் கூச்சமுள்ள பிள்ளைக்கு இந்த ஒத்திகை பெரிய துணை.

இரண்டாம் பாடவேளை: தாய்க்குழு

இந்தப் பாடவேளையில் கைக்கணினிகள் பெட்டிக்குள் போய்விடும். இது சிக்கனம் கருதி அல்ல. கைக்கணினி எதிரில் இருந்தால், சொல்பவர் திரையைக் காட்டிவிட்டு நிறுத்திவிடுவார். அது இல்லாவிட்டால் பார்த்ததைத் தம் சொற்களில் சொல்லவும், கரும்பலகையில் வரைந்து காட்டவும் வேண்டியிருக்கும். கேட்பவர்களும் திரையைப் பார்க்காமல் சொல்பவரின் முகத்தைப் பார்ப்பார்கள். கூடிக் கற்றலுக்குக் கைக்கணினி எப்போது வேண்டும் என்பதைப் போலவே, எப்போது வேண்டாம் என்பதையும் நாம் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும்.

ஒவ்வொருவரும் நான்கு நிமிடம் தம் துண்டை விளக்கியதும், தாய்க்குழுவுக்கு ஒரு கணக்கு. ‘இந்தச் சிலைக்கு எவ்வளவு உலோகம் உருக்க வேண்டும்? வேலை முடிந்து கைக்கு வரும் சிலையின் எடை என்ன?’ கேள்வித்தாளில் எண் எதுவும் இல்லை. எண்கள் நான்கு வல்லுநர்களிடம் பிரிந்து கிடக்கின்றன.

மெழுகு உருவம் 480 கிராம், மெழுகின் அடர்த்தி கன செ.மீ.க்கு ஏறத்தாழ 0.96 கிராம் என்பது முதல் வல்லுநருக்குத் தெரியும். ஆகவே கன அளவு 500 கன செ.மீ. உலோக வழிகளுக்கும் மெழுகு வைத்திருக்கிறோம், அது 48 கிராம் என்பது இரண்டாமவருக்குத் தெரியும். அது 50 கன செ.மீ. தோராயமாக 8.5 என்ற அடர்த்தி மூன்றாமவர் சோதித்துக் கொண்டுவந்தது. சிலைக்கு 4,250 கிராம், வழிகளுக்கு 425 கிராம். உருக்க வேண்டியது 4,675 கிராம். வழிகளில் நிற்கும் உலோகம் வெட்டப்பட்டுவிடும், அரத்திலும் உளியிலும் இன்னும் 50 கிராம் கழியும் என்பது நான்காமவர் அட்டையில் இருப்பது. முடிவில் சிலை 4.2 கிலோ. இவை கணக்குக்காக நான் வைத்த எண்கள்தான். ஆனால் நால்வரில் ஒருவர் வாய் திறக்காவிட்டாலும் கணக்கு முடியாது. முதல் மதிப்பெண் வாங்கும் மாணவராலும் தனியாக முடிக்க முடியாது.

முடித்த குழுக்களுக்குக் கூடுதலாக ஒன்று கொடுத்தேன். டெல்லியில் உள்ள அந்த 27 அடி நடராசர் சுமார் 18 டன். கணக்குப்படி அதற்கு எவ்வளவு மெழுகு? உலோகத்தின் நிறை மெழுகைப் போல் ஏறத்தாழ 9 மடங்கு என்று கண்டுபிடித்திருந்தவர்கள், “ரெண்டு டன் மெழுகா, டீச்சர்?” என்று தாமே வியந்தார்கள்.

இந்தப் பாடவேளையில் நான் கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். வகுப்பில் கை தூக்காத மாணவர் ஒருவர். அவர் வீட்டில் அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் அச்சு மண் பூசும் வேலை. இரண்டாம் துண்டின் வல்லுநர் குழுவில் அச்சு நிழலில் உலர்வதைப் படத்தில் பார்த்தார்கள். “வெயில்ல வெச்சா சீக்கிரம் காயுமே, ஏன் நிழல்ல?” என்று கேட்பவர் கேட்டார். படத்தில் அதற்கு விடை இல்லை. “வெயில்ல வெச்சா மேல மட்டும் காஞ்சு வெடிச்சிரும். வெடிச்ச வழியா உலோகம் ஒழுகிரும்” என்று அவர் சொன்னார். நால்வரும் அதை எழுதிக்கொண்டு தத்தம் தாய்க்குழுவுக்குப் போனார்கள். அன்று வகுப்பு முழுவதும் அந்த விடையைக் கற்றது அவரிடமிருந்துதான். திரையில் இருப்பது பாதி அறிவு. மறு பாதி பிள்ளைகளிடம் இருக்கிறது. திரையைச் சுற்றி உட்காரவைப்பதன் பயன், அந்த மறு பாதியை வெளியே கொண்டுவருவது.

மதிப்பீடு

குழுவுக்கு மொத்தமாக ஒரு மதிப்பெண் என்றால் உழைப்பவருக்கும் சும்மா இருப்பவருக்கும் வேறுபாடு இருக்காது. அதனால் இறுதியில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஐந்து வினாக்கள், குழுவைப் பார்க்காமல். தம் துண்டிலிருந்து இரண்டு, மற்ற மூவரின் துண்டிலிருந்து தலா ஒன்று. மற்றவர் துண்டில் தவறினால், கேட்டவர் கவனித்தாரா, சொன்னவர் தெளிவாகச் சொன்னாரா என்று இரண்டையும் பார்க்கலாம்.

ராபர்ட் ஸ்லேவின் என்ற கல்வி ஆய்வாளர் காட்டிய வழி ஒன்று இங்கே பயன்படும். குழுவின் புள்ளியை மதிப்பெண்ணின் கூட்டுத்தொகையால் கணக்கிடாமல், ஒவ்வொருவரும் தம் முந்தைய நிலையிலிருந்து எவ்வளவு முன்னேறினார் என்பதால் கணக்கிடுவது. இரண்டிலிருந்து நான்குக்கு வந்த மாணவர், எப்போதும் ஐந்து வாங்குபவரைவிடக் குழுவுக்கு அதிகம் சேர்க்கிறார். அப்போது அவரைக் குழுவில் சேர்த்துக்கொள்ள யாரும் முகம் சுளிப்பதில்லை. இந்தத் தனி வினாக்களை வளரறி மதிப்பீட்டுக்கும் எடுத்துக்கொள்ளலாம்.

கவனிக்க வேண்டியவை

மாணவர் எண்ணிக்கை நான்கின் மடங்காக இல்லாவிட்டால், ஒரு தாய்க்குழுவில் ஐவரை வைத்து ஒரு துண்டை இருவருக்குக் கொடுக்கலாம். வகுப்பில் நாற்பது பேர் என்றால் ஒரு துண்டுக்குப் பத்துப் பேர் வருவார்கள். அவர்களை இரண்டு வல்லுநர் குழுவாக்கி, ஒரு குழு கைக்கணினியிலும் மற்றொன்று அச்சிட்ட படங்களிலும் தொடங்கிப் பாதியில் மாற்றிக்கொள்ளலாம்.

கைக்கணினி நம் பெயரில் உள்ள அரசுப் பொருள். மாணவரிடம் கொடுக்கும் முன் துறைச் செயலிகளிலிருந்து வெளியேறிவிட வேண்டும். ஆண்ட்ராய்டு கருவிகளில் ஒரே செயலியைத் திரையில் நிலைநிறுத்தும் வசதி அமைப்புகள் பகுதியில் உண்டு. அதை இயக்கிவிட்டால் மாணவர் வேறு எதற்கும் எளிதில் போக முடியாது. காணொலிகளை முன்னாளே பதிவிறக்கி வைத்துக்கொண்டால் இணையம் தேவையில்லை. மின்னேற்றம் முதல்நாள் மாலையிலேயே முடிந்திருக்க வேண்டும். மாணவரின் குரல் பதிவுகளையும் படங்களையும் பாடம் முடிந்ததும் அழித்துவிட வேண்டும். வாட்ஸ்அப் குழுக்களில் பகிர்வது கூடாது.

உட்காரும் முறையும் முக்கியம். வட்டமாக உட்கார்ந்தால் ஒருவருக்குத் திரை தலைகீழாகத்தான் தெரியும். சுவரை ஒட்டிய பலகையில் கைக்கணினியைச் சாய்த்து நிறுத்தி, நால்வரும் அரைவட்டமாக உட்கார்ந்தால் எல்லாருக்கும் நேராகத் தெரியும், யார் மடிக்கும் போகாது.

மற்ற வகுப்புகளுக்கு

இந்த முறை அடர்த்திக்கு மட்டும் உரியதல்ல. நான்கு துண்டாகப் பிரிக்கக்கூடிய, துண்டுகள் சேர்ந்தால்தான் பொருள் தரும் எந்தப் பாடத்துக்கும் பொருந்தும். தஞ்சைப் பகுதியில் ஒரு நெல் பருவத்தை நாற்றங்கால், நடவு, களையெடுப்பு, அறுவடை என்று பிரித்துச் சமூக அறிவியலில் செய்யலாம். மேட்டூர் அணையிலிருந்து கல்லணை வழியாக வயல் வாய்க்கால் வரை தண்ணீர் வரும் பாதையையும் நான்கு துண்டாக்கலாம். சூத்திரத்தை முதன்முதலாக அறிமுகப்படுத்தும் பாடத்துக்கு இது ஏற்றதல்ல. அங்கே ஆசிரியரின் நேரடி விளக்கமே நல்லது.

எண்ணும் எழுத்தும் வகுப்புகளில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையில் பிள்ளைகள் ஒரே அறையில் இருப்பார்கள். அங்கே ஜிக்சா வேண்டாம். ஆனால் ‘தொடுபவர் சொல்லக்கூடாது’ என்ற விதி மட்டும் இருவர் இருவராகப் பயன்படும். ஒரு பிள்ளை திரையில் உள்ள படத்தைக் காட்ட, மற்றப் பிள்ளை பெயர் சொல்ல, பிறகு மாறிக்கொள்ளலாம். அந்தப் பத்து நிமிடத்தில் நாம் அரும்பு நிலைப் பிள்ளைகளின் பக்கத்தில் உட்கார முடியும்.

தொடங்க விரும்பும் ஆசிரியர் நண்பர்கள் முழு ஜிக்சாவையும் முதல் வாரமே செய்ய வேண்டியதில்லை. ஒரே ஒரு கைக்கணினி, ஒரு குழு, நான்கு பொறுப்பு அட்டைகள், ஒலியில்லாத ஒரு மூன்று நிமிடக் காணொலி, இவற்றோடு தொடங்குங்கள். மற்றவர்கள் வேறு வேலையில் இருக்கட்டும். குழுக்கள் மாறி மாறி வரட்டும். பாடவேளை முடியும்போது, குழுவில் மிகக் குறைவாகப் பேசும் பிள்ளையிடம், “உன் பக்கத்தில் இருந்தவர் உனக்கு என்ன சொல்லிக்கொடுத்தார்? நீ அவருக்கு என்ன சொல்லிக்கொடுத்தாய்?” என்று கேளுங்கள். இரண்டு கேள்விக்கும் அந்தப் பிள்ளையிடம் விடை இருந்தால், அந்த வகுப்பில் கூடிக் கற்றல் நடந்திருக்கிறது.